நாற்பத்தியொரு பேரும் ஒரு பால்கனியும்

திருவனந்தபுரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாகக் கான்கிரீட் டிசைன் நடத்திக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு. புத்தகம் என்னவோ தலையணை கனத்துக்கு இருக்கிறதே தவிர, விஷயம் ஒன்றுதான். கான்கிரீட்டை அமுக்கினால் எவ்வளவும் தாங்கும். இழுத்தால் பிஸ்கட் மாதிரி உடைந்துபோகும். ஆகவே எந்தப் பக்கம் இழுபடுமோ அந்தப் பக்கம் கம்பி வை. மிச்சமெல்லாம் கணக்கு.

இந்த ஒரே விஷயத்தைத்தான் பிள்ளைகள் பரீட்சையில் தப்பாக எழுதுவார்கள். இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கிற கூரை நடுவில் தொய்யும், அடிப்பக்கம் இழுபடும், அதனால் கம்பி அடியில். சரி. பால்கனி அப்படியில்லை. ஒரு பக்கம் வீட்டைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்பது அது. அது தொய்ந்தால் மேல்பக்கம்தான் இழுபடும், கம்பி மேலேதான் இருக்க வேண்டும். அடியில் போய்விட்டால் இருந்தும் இல்லாத மாதிரிதான். இதைப் புரியவைக்க ஒரு பிள்ளையை எழுப்பிக் கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டில் என் கைப்பையை மாட்டுவேன். சோற்றுப் பாத்திரம், தண்ணீர் பாட்டில், குடை என்று என் பை ஒரு குடும்பம். "எங்கே வலிக்குது?" என்றால் தோளின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டும். "அங்கேதான் கம்பி. மறந்தா அடுத்த தடவை அரைமணி நேரம் இப்படியே நிக்கணும்" என்பேன். வகுப்பு சிரிக்காது. என் வகுப்பில் அவ்வளவு சுலபமாக யாரும் சிரித்துவிட மாட்டார்கள்.

கரும்பலகையில் எத்தனை வரைந்தாலும் ஏறாத தலைகள் சில உண்டு. அவற்றுக்காக வருஷத்துக்கு ஒருமுறை, கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடக் காத்திருக்கிற ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவேன். போன ஐப்பசியில் என் பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். இப்போது சொந்தமாக வீடு கட்டிக்கொடுக்கிறான். நேமம் பக்கம் வேலை. மாடி பால்கனி சுவரிலிருந்து ஐந்தரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கீழே தூண் கிடையாது, அடியில் கார் நிறுத்தலாம்.

"டீச்சர் படிப்பிச்ச அதே சங்கதிதான். நாளைக்கு ஒம்பதரைக்கு வார்ப்பு. எட்டரைக்குப் பிள்ளைகளைக் கொண்டு வந்தா எல்லாம் கண்ணால பாக்கலாம், கேட்டோ" என்றான். வார்ப்பு என்றால் இங்கே கான்கிரீட் போடுவது. எனக்கு ஒரே பெருமை. நான் சொல்லிக்கொடுத்த பையன் போட்ட கணக்கில் ஒரு பால்கனி!

மறுநாள் காலையில் என்னவோ கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போனேன். கரமனையில் நெரிசலில் மாட்டி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே மணி ஒன்பதரை. மிக்சர் மெஷின் பக்கத்தில் இருபது பேர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வேலை தொடங்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மழை வரும் என்பது அந்த மாசத்தில் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பத்து நிமிஷத்தில் காட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். நானா கிளம்புவேன்?

கம்பி கட்டின மேஸ்திரி வள்ளியூர்க்காரர். ஐம்பது வயசிருக்கும். அவர் கட்டியிருந்த கம்பியைப் பார்த்தால் கோலம் போட்ட மாதிரி இருந்தது. பலகைத் தட்டின் மேல் நாற்காலிக்கால் போல வளைத்த சின்னச் சின்னக் கம்பிகளை நிறுத்தி, அவற்றின் முதுகில் மேல்கம்பிகளை உட்கார வைத்திருந்தார். அந்தச் சின்னக் கம்பிகளுக்கு 'சேர்' என்றுதான் பெயர். ஆறு அங்குல கனத்தில் மேலிருந்து ஓர் அங்குலத்துக்குள் கம்பி. அதை யாரும் மிதிக்காமல் போய்வர ஒரு பலகையும் போட்டிருந்தார்.

"பலகை மேலயே நிக்கச் சொல்லுங்கம்மா பிள்ளைகள" என்றார்.

"பலகையில நின்னா என்னத்தைத் தெரியும்? இறங்கி வாங்க எல்லாரும். குனிஞ்சு பாருங்க" என்றேன் நான்.

மேல்கம்பியை மிதிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அது என் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வி. போன வருஷம்கூடக் கேட்டிருந்தேன். ஆனால் பாடம் நடத்துகிற சமயத்தில் எனக்குப் பாடம் மட்டும்தான் கண்ணில் படும். பதினான்கு பதினான்கு பேராக மேலே ஏற்றி, கம்பியின் மேல் நிற்கவைத்து, "இது ஏன் மேலே இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு, பதில் தெரியாதவனைத் திட்டி, மறுபடி விளக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேஸ்திரி இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். பழைய மாணவன் வாட்சைப் பார்த்தான். ஆனால் அவனும் என் மாணவன் அல்லவா, வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் போட்டோ. நாற்பத்தியொரு பேரையும் மேலே வரச்சொல்லி பால்கனி நடுவில் நெருக்கி வரிசை வரிசையாக நிறுத்தினேன். பின்னால் தென்னந்தோப்பு, நல்ல வெளிச்சம். நடுவில் நான். ஒருத்தி கையைத் தூக்கினாள். இந்த ஊரில் சாலை என்கிற கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர் மகள். தமிழ்ப்பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காது.

"டீச்சர், ஒரு காரியம்..."

"கேள்வியெல்லாம் கடைசியில. இப்போ போட்டோ. பல்லைக் காட்டு."

காட்டினாள். படம் எடுத்தாயிற்று, பஸ்ஸில் ஏறினோம், வந்துவிட்டோம். பதினொன்றரைக்குத்தான் அவர்கள் கான்கிரீட் போடத் தொடங்கினார்களாம். இரண்டு மணிக்கு மழை கொட்டியது. நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அந்த மழையை ரசித்துக்கொண்டே டீ குடித்தேன்.

பதினெட்டு நாள் போயிற்று. ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, சைட் பார்த்துவந்ததைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய ரிப்போர்ட்டுகளைத் திருத்த எடுத்தேன். நாற்பதும் ஒரே ரிப்போர்ட். ஒருவன் எழுதியதைப் பார்த்து மற்றவன் எழுதினது, என் பெயரில்கூட ஒரே எழுத்துப் பிழை. திட்டிக்கொண்டே புரட்டினேன். கடைசியாக அந்தச் சாலைப் பெண்ணுடையது. அது மட்டும் கையால் எழுதியிருந்தது. நடுப்பக்கத்தில் இரண்டு போட்டோ, ஒன்றின் கீழ் ஒன்று. மேலே இருந்தது நாங்கள் போய் இறங்கினவுடன் எடுத்தது. மேல்கம்பி ஓரப் பலகையின் விளிம்பை ஒட்டி நின்றது. கீழே இருந்தது நாங்கள் கிளம்பும்போது எடுத்தது. அதே இடம், அதே பலகை. கம்பி மூன்று விரல் கீழே கிடந்தது. சேர் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தன. அடியில் நீலப் பேனாவில் ஒரே வரி: 'முன்பு மேலே இருந்தது, நாங்கள் நின்ற பிறகு நடுப்பகுதியில் தாழ்ந்துவிட்டது.'

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. அடக் கஷ்டகாலமே! கம்பி மேலே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் போய், அதைக் கீழே மிதித்துத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். நாற்பத்தியொரு பேரோடு சேர்ந்து. சிரித்துக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு!

மனசு உடனே சமாதானம் தேடியது. கான்கிரீட் போடும்முன் மேஸ்திரி தூக்கிக் கட்டியிருப்பார், இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர். ஆனால் எப்போது கட்டியிருப்பார்? நேரத்தை நான் தின்றுவிட்டேன், மழை வேறு துரத்தியது. பேப்பரைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். கம்பி அவ்வளவு தாழ்ந்தால் பலம் பாதிகூட மிஞ்சாது. அடியில் முட்டுக்கொடுத்த இரும்புக் குழாய்கள் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது, அவையே எல்லாப் பாரத்தையும் தாங்கும். அந்த முட்டுகளை எடுத்தால்? எடுத்த நிமிஷமே விழலாம். விழாமல் நின்று, என்றைக்காவது பத்துப் பேர் கோயில் ஊர்வலம் பார்க்க ஏறி நிற்கும்போதும் விழலாம். எது மோசம் என்று யோசித்துப் பார்த்தேன்.

பழைய மாணவனுக்குப் போன் போட்டால் எல்லைக்கு வெளியே. அவன் ஆபீசில் ஒரு பெண் எடுத்தாள்.

"சார் பொன்முடி போயிட்டுண்டு டீச்சர். அங்கே எஸ்டேட் தொழிலாளர் லயத்துல ரிப்பேர் வேலை. மேலே ரேஞ்ச் கிட்டாது."

"நேமம் வீட்டுல இப்போ என்ன நடக்குது?"

"அங்கே இன்னைக்குத் தட்டு பிரிக்கிறாங்கல்லே. காலையில உள்பக்கம் கழிஞ்சு. உச்சைக்கு மேலே பால்கனி."

தட்டு பிரிப்பது என்றால் பலகையையும் முட்டுகளையும் எடுப்பது; உச்சை என்றால் மத்தியானம், அதாவது இப்போது. மேஸ்திரி நம்பரை வாங்கினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? வேலை நேரத்தில் சட்டை எங்காவது ஆணியில் தொங்கும், போன் சட்டைப் பையில் கிடக்கும்.

நேராக வகுப்புக்குப் போனேன். அங்கே வேறொருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அனுமதிகூடக் கேட்காமல் வாசலில் நின்று அந்தப் பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அது அழத் தயாராகிவிட்டது.

"ரிப்போர்ட் தப்பா டீச்சர்?"

"தப்பில்லை. உன் போன்ல ஒரிஜினல் படம் இருக்கா? வா என்கூட."

ஆட்டோவில் ஏறினோம். தூறல். தம்பானூரில் பஸ்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. "கொஞ்சம் வேகமாப் போங்க" என்று டிரைவரிடம் சொன்னேன். "மேடம், பறக்கணோ?" என்றார் அவர். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. பெண்ணின் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்க ஆக்க இன்னும் மோசமாகத்தான் தெரிந்தது.

"அன்னைக்குக் கையைத் தூக்கினியே, என்ன சொல்ல வந்தே?"

"கம்பி தாழுதுன்னு, டீச்சர்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"டீச்சர் போட்டோன்னு சொன்னீங்க."

"போட்டோ முடிஞ்சப்புறம்?"

அது வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பஸ்ல ஏறச் சொன்னீங்க" என்றது.

என்னத்தைச் சொல்ல? பழவங்காடிக் கோயில் வந்தபோது, வாழ்க்கையில் அதுவரை எந்தச் சாமியிடமும் பேரம் பேசியிராத நான், கண்ணை மூடிப் பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் என்று சொன்னேன். உள்ளே படார் படாரென்று தேங்காய் உடைகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. எனக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, நேமத்தில், அதே நேரத்தில் என்ன உடைகிறதோ என்றுதான் தோன்றியது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

சந்துக்குள் ஆட்டோ போகாது. இறங்கி ஓடினேன். ஐம்பத்திரண்டு வயசில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சகதியில். தூரத்திலிருந்தே 'டங் டங்' என்று சுத்தியல் சத்தம் கேட்டது. திரும்பினதும் பார்த்தேன். பால்கனி ஓரத்தில் ஐந்து முட்டு இருந்திருக்க வேண்டும். இரண்டு தரையில் கிடந்தன. மூன்றாவதன் அடியில் ஒருவன் குனிந்து ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். சரியாக முட்டுகளுக்கு நடுவில், தலைக்கு மேலே பால்கனி, கையில் டீத் தட்டு, நின்றுகொண்டிருந்தார் அந்த வீட்டம்மா. அரசாங்க ஆபீசில் வேலை, கணவர் துபாயில். எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, லீவு போட்டு, தன் வீடு வளர்வதை நாள்தோறும் வந்து பார்க்கிறவர்.

"நிறுத்து! அடிக்காதே! வெளிய வாங்க, அங்கேயிருந்து வெளிய வாங்க!"

நான் கத்தினால் மூன்றாம் மாடி வகுப்பில் போட்ட சத்தம் கீழே கேன்டீனில் கேட்கும். அன்றைக்கு அதைவிடக் கூடுதலாகக் கத்தியிருப்பேன். சுத்தியல் நின்றது, அவன் வெளியே பாய்ந்துவிட்டான். ஆனால் அந்த அம்மா அசையவில்லை. பேயறைந்த மாதிரி, தட்டைப் பிடித்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நான் இன்னும் உரக்கக் கத்தினேன். அவர் இன்னும் விறைத்துப்போனார். எனக்குக் கால் எழவில்லை, உள்ளே போகத் தைரியமும் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பால்கனிக்கு அடியில் காலை வைக்க எனக்குப் பயம்.

என் பக்கத்திலிருந்து அந்தப் பெண் போயிற்று. ஓடக்கூட இல்லை, நடந்துபோயிற்று. "ஆன்ட்டி, இங்கே வாங்க, ஒண்ணுமில்லை, வாங்க" என்று மெதுவாகச் சொல்லிக் கையைப் பிடித்தது. அந்த அம்மா டீ சிந்தாமல் அதன் பின்னாலேயே நடந்து வெளியே வந்தார்.

மேஸ்திரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"முட்டு முதல்ல திரும்பக் கொடுங்க. எடுத்த ரெண்டையும். அப்புறம் சொல்றேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பெண்ணின் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவ்வளவுதான், ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆட்களை விரட்டி, ஒரு கால் மணியில் ஐந்து முட்டும் பழையபடி நின்றன. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

"கம்பிய அப்புறம் தூக்கிக் கட்டினியளா?" என்று கேட்டேன். பதற்றத்தில் எனக்கே அவர் பேச்சு தொற்றிக்கொண்டது.

"தூக்கினோம்மா. அந்தக் கடைசியிலேருந்து தூக்கிட்டு வந்தோம். பாதி வரதுக்குள்ள மிக்சரு ஓட ஆரம்பிச்சிட்டு, கலவையும் மேல வந்துட்டு. பெறவு கொக்கிய வெச்சு இழுத்து இழுத்து விட்டோம். எது ஏறிச்சு, எது ஏறலன்னு கலவைக்குள்ள என்னத்தத் தெரியும்? இன்ஜினியர் தம்பிட்டச் சொன்னேம்லா. மழை வருது அண்ணாச்சி, போடுங்கன்னுட்டாரு."

ஏணியில் மேலே ஏறினேன். சுவரை ஒட்டி, நடுப்பகுதியில், ஓரிடத்தில் கோடு போட்டுக் கொத்தச் சொன்னேன். ஓர் அங்குலத்தில் கம்பி வந்தால் பிழைத்தோம். மேஸ்திரி தானே உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டேன். ஓர் அங்குலம் ஆயிற்று. வெறும் கல். "கொஞ்சம் சரிஞ்சிருக்கும்மா" என்றார். ஒன்றரை. இரண்டு. இரும்பில் உளி பட்டால் சத்தம் மாறும், அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டரை. மூன்று. மேஸ்திரி என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மூன்றரை அங்குலத்தில் 'கிணிங்' என்றது.

தள்ளி இன்னோரிடத்தில் கொத்தினோம், அங்கேயும் அதே. ஓரத்தில் மட்டும், அவர் முதலில் தூக்கிக் கட்டின பக்கம், ஒன்றேகால் அங்குலத்தில் கம்பி அழகாக உட்கார்ந்திருந்தது. நடுவில் எட்டடி நீளத்துக்குக் கம்பி இருந்தும் இல்லை. சரியாக நாங்கள் போட்டோவுக்கு நின்ற இடம்.

கீழே இறங்கினபோது வீட்டம்மா காத்திருந்தார். அவர் பேசுவது மலையாளமும் தமிழும் கலந்து, ஆனால் தெளிவாக. "என்னாச்சு? உள்ளதைச் சொல்லுங்க."

"பால்கனியை இடிக்கணும்" என்றேன். "வீட்டுக்கு ஒண்ணுமில்லை. பால்கனி மட்டும். கம்பி கீழே போயிடுச்சு. இடிச்சிட்டுத் திரும்ப வார்க்கணும்."

"யாரு செஞ்ச தப்பு இது?"

மேஸ்திரி முந்திக்கொண்டார். "வார்ப்பு அன்னிக்கு எங்க ஆளுவ மிதிச்சிருப்பானுவம்மா. மழை வேற. எங்க மேலதான் தப்பு." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எனக்காகச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

அந்த இடத்தில் நான் பேசாமல் நின்றேன். அதை மறைத்து என்ன புண்ணியம்? கல்லூரி, பிரின்சிபால், பத்திரிகை, பத்தொன்பது வருஷப் பேர் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மண்டைக்குள் ஓடின. மேஸ்திரி சொன்னது சொன்னதாக இருந்துவிட்டால் நான் யாரோ ஒரு நல்ல டீச்சர், நேரத்துக்கு வந்து காப்பாற்றியவள். பெண் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அது மறுபடி கையைத் தூக்கிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். தூக்காமலே இருந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"இல்லை. அவங்க சரியாத்தான் கட்டியிருந்தாங்க" என்றேன். "என் பிள்ளைங்க மிதிச்சது. பலகையில நில்லுங்கன்னு இவர் சொன்னார். நான்தான் இறக்கி நிக்கவெச்சேன்."

அந்த அம்மா பால்கனியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "படிப்பிக்கறதுக்கு என் வீடுதானா கிடைச்சுது டீச்சரே?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அப்புறம் பெண்ணின் தலையைத் தடவி, "இந்தக் குட்டி மட்டும் உள்ளே வந்துது" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் பொன்முடியிலிருந்து இறங்கினவுடன் பழைய மாணவன் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவன் குரல் செத்துப்போயிற்று. "டீச்சர், அன்னைக்கே எனக்கு ஒரு சம்சயம் உண்டாயிருந்து" என்றான். சந்தேகம் இருந்ததாம். "பின்னே ஏண்டா வாயைத் திறக்கலை?" என்று கத்தினேன். முப்பத்திரண்டு வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், லைசன்ஸ் உள்ள இன்ஜினியர். நான் கத்தினவுடன் மூன்றாம் வருஷப் பையன் மாதிரி மௌனமாகிவிட்டான்.

பால்கனியை இடித்து ஒரு மாசத்துக்குள் மறுபடி வார்த்தார்கள். இரண்டாம் வார்ப்புக்கு நான் தனியாகப் போய், பலகையில் மட்டும் நடந்து, கலவை விழுகிறவரை ஒவ்வொரு கம்பியையும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னாலேயே, தட்டு பிரித்த வியாழக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை, நான் வகுப்பில் நிற்க வேண்டியிருந்தது.

நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல். மேஸ்திரி சொன்னதை நான் கேட்காதது, போட்டோ, மூன்றரை அங்குலம், வீட்டம்மா அடியில் நின்றது, எனக்குக் கால் எழாதது. நாற்பத்தியொரு பேரும் மூச்சுக்கூட விடாமல் கேட்டார்கள். அந்தச் சாலைப் பெண்ணைத் தவிர வேறு யாருமே கவனிக்கவில்லை என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் போனைத்தான் பார்ப்பார்கள், கம்பியை எங்கே பார்க்கப்போகிறார்கள் என்று. அந்த நினைப்பில்தான், கொஞ்சம் ஏளனமாகவே, கேட்டேன்.

"காலுக்குக் கீழே கம்பி தாழுறதை அன்னைக்கு வேற யாராவது பார்த்தீங்களா?"

ஒருவரும் அசையவில்லை. "திட்ட மாட்டேன். பார்த்தவங்க கையைத் தூக்குங்க."

சாலைப் பெண் தூக்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஜன்னலோரம் இரண்டு பையன்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே. அப்புறம் பின்வரிசை. நான் எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு, பதினைந்து. வகுப்பிலேயே மக்கு என்று நான் நாள் தவறாமல் வாயாரத் திட்டுகிற பையன்கூடத் தூக்கினான். இருபத்தாறு.

"இத்தனை பேரா?" என்றேன். "ஏன் ஒருத்தர்கூடச் சொல்லலை?"

கடைசி பெஞ்சிலிருந்து அந்த மக்குப் பையன்தான், தலையைக் குனிந்தபடி, சொன்னான். "பேடியாயிருந்து டீச்சர்."

பேடி என்றால் இங்கே பயம். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வீடு விழுந்தாலும் பரவாயில்லை, இவளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று இருபத்தாறு பேர் தனித்தனியாக முடிவு பண்ணியிருக்கிறார்கள். நாளைக்கு இவர்கள்தான் சைட்டில் நிற்கப்போகிறவர்கள். முதலாளி முன்னால், கான்ட்ராக்டர் முன்னால். அங்கேயும் இப்படித்தான் நிற்பார்கள், நான் அதற்குத்தான் பழக்கியிருக்கிறேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நிமிர்ந்தேன். இருபத்தாறு கையும் அப்படியே நின்றன. இறக்கச் சொல்லி நான் இன்னும் சொல்லவில்லை, அதனால் ஒருவர்கூட இறக்கவில்லை.